‘இன்ன மஅல் உஸ்ரி யுஸ்ரா’ ஏன் இரண்டு முறை? பலாகா இல்லாமல் குர்ஆன் விளங்குமா?

#1 காயல்காற்று
வெள்ளி, இரவு 10.12

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற நண்பர்களுக்கு வணக்கம்.

என் மகளுக்குப் பதினோரு வயது. மக்தபில் (பிள்ளைகளுக்கான ஓதல் பள்ளி) குர்ஆனின் 94ஆம் அத்தியாயமான ‘அலம் நஷ்ரஹ்’ சூராவை மனப்பாடம் செய்துவிட்டு வீட்டில் தமிழாக்கத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள். “வாப்பா, சிரமத்தோடு இலேசு இருக்குன்னு ஒரு தடவை சொல்லிட்டு அடுத்த வரியிலயும் அதையே போட்டிருக்கே, அச்சுப்பிழையா?” என்றாள். அச்சுப்பிழை இல்லம்மா, அரபியிலும் இரண்டு தடவைதான், அழுத்திச் சொல்றதுக்காக என்றேன். “அப்ப மூணு தடவை சொன்னா இன்னும் அழுத்தமா இருக்குமே?” என்றாள். டீ குடிக்க எழுந்து போய்விட்டேன்.

இரண்டு வருடமாக இணையவழியில் அரபி இலக்கணம், அதாவது நஹ்வு (வாக்கிய அமைப்பு), ஸர்ஃபு (சொல்லமைப்பு) படிக்கிறேன். எது எழுவாய், எது பயனிலை, ஏன் இங்கே ஜபர் (அகரக் குறி), ஏன் அங்கே ஜேர் (இகரக் குறி) என்று சொல்லத் தெரியும். ஆனால் மகள் கேட்டது அந்தக் கேள்வி இல்லையே. ஜும்ஆவுக்குப் பிறகு ஒருவரிடம் கேட்டதற்கு, “அதற்கு பலாகா, அதாவது அரபிச் சொல்லாற்றல் கலை, ஓத வேண்டும்” என்றார். இன்னொரு நண்பர், “பலாகா என்பது நம்ம ஊர் அணியிலக்கணம் மாதிரி. அழகுக்குத்தான், அர்த்தத்துக்கு இல்லை” என்கிறார். எது சரி? ஓதியவர்கள் சொல்லுங்கள்.

#2 பழையகிதாபு
வெள்ளி, இரவு 11.05

வ அலைக்குமுஸ்ஸலாம். மகள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு பலாகாவுக்கு வரலாம்.

இரண்டு வசனங்களிலும் சிரமம் என்பது ‘அல்உஸ்ர்’. முன்னால் அலிஃப் லாம் (‘அல்’ என்ற முன்னொட்டு) இருக்கிறது, அதாவது தெரிந்த, குறிப்பிட்ட சிரமம். இலேசு என்பது ‘யுஸ்ரன்’. அலிஃப் லாம் இல்லை, கடைசியில் தன்வீன் (‘ன்’ ஒலி), அதாவது ஏதோ ஓர் இலேசு. அரபியில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. அலிஃப் லாம் போட்ட சொல் திரும்ப வந்தால் பெரும்பாலும் அதே பொருள்தான். அலிஃப் லாம் இல்லாத சொல் திரும்ப வந்தால் பெரும்பாலும் வேறொன்று. அப்படியானால் சிரமம் ஒன்று, இலேசு இரண்டு.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. ரோமர் படைகள் திரண்டு வருவதாக அபூஉபைதா (ரலி) எழுதிய கடிதத்துக்கு உமர் (ரலி) எழுதிய பதிலில் “ஒரு சிரமம் இரண்டு இலேசுகளை ஒருபோதும் வெல்லாது” என்ற வரி இருக்கிறது. இமாம் மாலிக்கின் ஹதீஸ் தொகுப்பான முவத்தாவில் பார்க்கலாம். அதைப் போர்முனைக்கு எழுதியிருக்கிறார் பாருங்கள், பாடவகுப்புக்கு இல்லை.

தமிழில் அலிஃப் லாம் கிடையாது. எனவே மொழிபெயர்த்ததும் இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்றாகிவிடுகிறது. உங்கள் மகள் பிடித்தது அந்த இடத்தைத்தான்.

#3 நன்னூல்வாத்தியார்
சனி, காலை 6.40

நான் இஸ்லாமியன் அல்லன், அரபியும் தெரியாது. முப்பது ஆண்டு தமிழ் நடத்தியவன். இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

நமக்குச் சுட்டு இருக்கிறதே? “அந்தச் சிரமத்தோடு ஓர் இலேசு. அதே சிரமத்தோடு இன்னோர் இலேசு.” இப்படி எழுதினால் பொருள் வந்துவிடுமா? அல்லது இது மொழிபெயர்ப்பின் எல்லையைத் தாண்டி உரை ஆகிவிடுமா?

#4 பழையகிதாபு
சனி, காலை 7.15

உரை ஆகிவிடும் ஐயா. ‘இன்னோர்’ என்ற சொல் அரபியில் இல்லை, நாம் ஊகித்தது. அதனால்தான் மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் போடாமல் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

#5 சந்தேகச்சாமி
சனி, காலை 9.30

எல்லாம் சரி, ஒரு சின்னச் சங்கடம். ‘அலிஃப் லாம் இல்லாத சொல் திரும்ப வந்தால் வேறொன்று’ என்கிறீர்கள். ஸுக்ருஃப் 43:84 (43ஆம் சூரா, 84ஆம் வசனம்) பாருங்கள். “அவனே வானத்தில் இலாஹ், பூமியிலும் இலாஹ்.” இரண்டு இடத்திலும் அலிஃப் லாம் இல்லை. உங்கள் விதிப்படி இரண்டு கடவுள்! ஒத்துக்கொள்வீர்களா?

என் பிரச்சினையே இதுதான். பலாகா என்ற பெயரில் ஒரு வசனத்தில் பிடித்த அர்த்தத்தை எடுக்க ஒரு விதி, அது இன்னொரு வசனத்தில் உதைத்தால் ‘அங்கே சூழல் வேறு’. இப்படியே போனால் எதையும் எதிலும் ஏற்றலாம்.

#6 பழையகிதாபு
சனி, பகல் 12.50

சரியான உதாரணம். இலக்கண அறிஞர் இப்னு ஹிஷாமும் (இறப்பு 1360) இந்த விதியைப் பேசும்போது இதே வசனத்தைத்தான் எதிரே நிறுத்துகிறார். பழைய தஃப்ஸீர்களில் (குர்ஆன் விரிவுரைகளில்) இன்னொரு ஆட்சேபமும் உண்டு. “குதிரைவீரனிடம் ஒரு வாள் இருக்கிறது, குதிரைவீரனிடம் ஒரு வாள் இருக்கிறது” என்று ஒருவன் இரண்டு தடவை சொன்னால், ஒரு வீரனிடம் இரண்டு வாள் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் ‘பெரும்பாலும்’ என்று போட்டேன், இரண்டு தடவை. கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

ஆனால் உங்கள் முடிவை ஏற்க மாட்டேன். இந்த ஆட்சேபங்களை எழுப்பியதே அந்தக் கலையைப் படித்தவர்கள்தான். எதையும் எதிலும் ஏற்றலாம் என்றால், ஆயிரம் வருடமாக இப்படி உட்கார்ந்து சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

#7 உம்முஹானி
சனி, மாலை 4.20

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பெண்பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறவள். விதியை முதலில் சொன்னால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். இரண்டு வசனத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டு ‘என்ன வித்தியாசம்?’ என்று மட்டும் கேட்பேன். நான் எப்போதும் முதலில் போடுவது இது. தமிழிலேயே தெரியும், அரபி வேண்டாம்.

அன்ஆம் 6:151: “வறுமையினால் உங்கள் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம்.”

பனூ இஸ்ராயீல் 17:31: “வறுமைக்குப் பயந்து உங்கள் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் நாமே உணவளிக்கிறோம்.”

போன மாதம் ஒரு பிள்ளை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. முதல் வசனத்தில் வறுமை ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. தகப்பனுக்கே சோறில்லை. அதனால் ‘உங்களுக்கு’ முதலில். இரண்டாவதில் வறுமை இன்னும் வரவில்லை, பிள்ளை பிறந்தால் வந்துவிடுமோ என்ற பயம்தான். அதனால் ‘அவர்களுக்கு’ முதலில். பிள்ளை தன் உணவோடுதான் வருகிறது, உன் தட்டில் கை வைக்க வரவில்லை என்பதுபோல.

சாமி, இதில் எந்த விதியையும் யாரும் ஏற்றவில்லை. ‘மின் இம்லாக்’ (வறுமையினால்), ‘கஷ்யத்த இம்லாக்’ (வறுமைக்குப் பயந்து) என்று காரணத்தை வசனமே மாற்றிச் சொல்கிறது. வரிசையும் கூடவே மாறுகிறது. அணியிலக்கணம், அழகு என்று சொன்ன அந்த நண்பரிடம் இதைக் காட்டுங்கள். இதில் உவமை எங்கே இருக்கிறது, அலங்காரம் எங்கே இருக்கிறது?

#8 காயல்காற்று
சனி, மாலை 5.02

லாத்தா, இப்போதுதான் என் வீட்டுத் தமிழாக்கத்தைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே வரிசையில்தான் இருக்கிறது! இத்தனை வருடமாக இரண்டையும் ஓதியிருக்கிறேன். ஒருநாளும் கண்ணில் படவில்லை.

#9 நூர்வெளிச்சம்
சனி, இரவு 8.45

மாஷா அல்லாஹ் அருமையான இழை. இதோடு குர்ஆனின் எண் அற்புதங்களையும் சேர்க்க வேண்டும். ரஹ்மான் சூராவில் ‘ஃபபிஅய்யி ஆலாஇ ரப்பிகுமா துகத்திபான்’ (உங்கள் இறைவனின் எந்த அருட்கொடையைப் பொய்யாக்குவீர்கள்?) 33 தடவை வருகிறது. அது தொழுகைக்குப் பின் 33 தடவை சொல்லும் தஸ்பீஹுக்குச் (இறைத்துதி) சமம்.

#10 உம்முஹானி
சனி, இரவு 9.10

தம்பி, அது 31 தடவை. எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்தச் சூராவில் எண்ணிக்கையைவிட ‘ரப்பிகுமா’ என்ற இருமைதான் எனக்குப் பெரிது. ‘உங்கள் இருவருடைய இறைவன்’ என்று மனிதரையும் ஜின்களையும் சேர்த்து முன்னால் நிறுத்திக் கேட்கிறது. தமிழில் இருமை இல்லை, ‘உங்கள் இறைவன்’ என்றதும் அது போய்விடுகிறது.

#11 சந்தேகச்சாமி
சனி, இரவு 9.14

31. நன்றி. எண் அற்புதம் பேச வருகிறவர்கள் முதலில் எண்ணக் கற்றுக்கொண்டால் நல்லது.

#12 பழையகிதாபு
ஞாயிறு, காலை 6.30

எழுத்தெண்ணுவதற்கும் பலாகாவுக்கும் சம்பந்தம் இல்லை, அதை விட்டுவிடலாம். இன்று கடை லீவு, சற்று நீளமாக எழுதுகிறேன்.

மூலக் கேள்வி: பலாகா அழகுக்கா, அர்த்தத்துக்கா? இதற்கு அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி ஒரு கதை சொல்கிறார். காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே, இன்றைய ஈரானில் உள்ள ஜுர்ஜான் ஊர்க்காரர். இறப்பு ஹிஜ்ரி 471, அதாவது 1078. அவருடைய ‘தலாஇலுல் இஃஜாஸ்’ நூலில் வருகிறது.

தத்துவஞானி அல்கிந்தி ஒரு மொழி அறிஞரிடம் வந்து, “அரபியில் வெற்றுச் சொற்கள் இருக்கின்றன” என்றாராம். எங்கே என்றதற்கு மூன்று வாக்கியம் சொன்னார். அப்துல்லாஹி காஇமுன். இன்ன அப்தல்லாஹி காஇமுன். இன்ன அப்தல்லாஹி லகாஇமுன். “மூன்றுக்கும் அப்துல்லாஹ் நிற்கிறார் என்றுதானே பொருள்? ‘இன்ன’வும் ‘ல’வும் எதற்கு?”

அறிஞர் சொன்ன பதில்: மூன்றும் மூன்று பொருள். முதலாவது, சும்மா செய்தி சொல்வது. இரண்டாவது, நிற்கிறாரா என்று கேட்டவனுக்குச் சொல்லும் பதில். மூன்றாவது, நிற்கவில்லை என்று மறுத்தவனுக்குச் சொல்லும் பதில்.

இப்போது யாஸீன் சூராவை எடுங்கள். வியாழன் இரவுதோறும் ஓதுகிறோம். ஊராரிடம் தூதர்கள் வருகிறார்கள். முதல் இருவரைப் பொய்யாக்கியதும் மூன்றாமவர் சேர்கிறார். அப்போது சொல்வது ‘இன்னா இலைக்கும் முர்ஸலூன்’, நாங்கள் உங்களிடம் அனுப்பப்பட்டவர்கள் (36:14). ஊரார், நீங்கள் எங்களைப் போன்ற மனிதர்கள்தான், பொய்தான் சொல்கிறீர்கள் என்று முழுதாக மறுக்கிறார்கள் (15). அடுத்து தூதர்கள் சொல்வது ‘ரப்புனா யஃலமு இன்னா இலைக்கும் லமுர்ஸலூன்’ (16). ஒரு ‘ல’ ஏறியிருக்கிறது. முன்னால் ‘எங்கள் இறைவன் அறிவான்’ என்று ஆணைக்குச் சமமான சொல்லும் ஏறியிருக்கிறது. மறுப்பு ஏறினால் உறுதியும் ஏறும்.

நஹ்வு படித்தவன் ‘ல’வைக் காட்டி “இது லாமுத் தவ்கீத், உறுதிப்பாட்டு லாம்” என்று சொல்லி நகர்ந்துவிடுவான். “பதினான்கில் ஏன் இல்லை, பதினாறில் ஏன் இருக்கிறது?” என்று கேட்டால் அது பலாகா. ஜுர்ஜானி ‘நள்ம்’ என்று சொல்வது இதைத்தான். சொற்கள் ஒன்றோடொன்று கோக்கப்படும் முறை. தனிச்சொல்லுக்கு அழகும் இல்லை, அசிங்கமும் இல்லை, பக்கத்தில் எது நிற்கிறது என்பதில்தான் எல்லாம் என்பது அவர் கட்சி. நூஹ் நபி வெள்ளம் வடியும் வசனத்தை (11:44) எடுத்துவைத்து, ‘இப்லஈ’, விழுங்கு, என்ற சொல்லை மட்டும் தனியே பிய்த்துப் பார், அங்கே இருந்த அழகு அதில் இருக்கிறதா என்று கேட்கிறார்.

#13 நன்னூல்வாத்தியார்
ஞாயிறு, காலை 8.05

அடடா. மூன்று வாக்கியக் கதை நம் வீட்டிலேயே இருக்கிறது. “மாமா வந்திருக்கார்.” “ஆமா, வந்திருக்கார்.” “அட வந்துதான்யா இருக்கார்!” மூன்றாவதைச் சொல்லும்போது எதிரே ஒருவன் மறுத்துக்கொண்டு நிற்கிறான் என்று கேட்கிறவனுக்கு உடனே தெரியும்.

ஒரு நண்பரிடம் கேட்டுத் திருமறையின் முதல் அத்தியாயத் தமிழாக்கத்தை வாங்கிப் படித்தேன். “உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம்.” அந்த ஏகாரம் அரபியில் எந்த எழுத்து?

#14 பழையகிதாபு
ஞாயிறு, காலை 8.40

எந்த எழுத்தும் இல்லை ஐயா! வரிசைதான். அரபியில் வினைச்சொல் முதலில், செயப்படுபொருள் பிறகு. ‘நஃபுதுக’ என்றால் ‘உன்னை வணங்குகிறோம்’. அந்த ‘உன்னை’யை வினைக்கு முன்னால் தூக்கி வைத்து ‘இய்யாக நஃபுது’ என்றதும் ‘உன்னை மட்டும், வேறு யாரையும் இல்லை’ என்று ஆகிவிடுகிறது. இதை ஹஸ்ர் என்பார்கள்.

#15 நன்னூல்வாத்தியார்
ஞாயிறு, காலை 9.25

அப்படியானால் அந்த மொழிபெயர்ப்பாளர் பெரிய ஆள். தமிழில் செயப்படுபொருள் வழக்கமாகவே வினைக்கு முன்னால்தான் வரும். ‘உன்னை வணங்குகிறோம்’ என்று அரபி வரிசையை அப்படியே வைத்தால் அழுத்தம் காணாமல் போய்விடும். வரிசை செய்த வேலையை இங்கே ஓர் இடைச்சொல் செய்திருக்கிறது. “தேற்றம் வினாவே பிரிநிலை எண்ணே ஈற்றசை இவ்வைந் தேகாரம்மே” என்பது தொல்காப்பியம். இது பிரிநிலை ஏகாரம். மற்றவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்து நிறுத்துவது. ‘மட்டும்’ என்று போட்டிருந்தால் பொருள் சரி, ஆனால் தொழுகையில் நிற்கிறவன் பேச்சாக இருக்காது.

இன்னொன்று கவனித்தேன். முதல் மூன்று வாக்கியமும் இறைவனைப் பற்றிப் படர்க்கையில் பேசுகின்றன. புகழ் அனைத்தும் அவனுக்கு, அவன் அருளாளன், தீர்ப்பு நாளின் அதிபதி. திடீரென்று ‘உன்னை’. ஏன்?

#16 உம்முஹானி
ஞாயிறு, காலை 10.15

அதற்கு இல்திஃபாத் என்று பெயர் ஐயா, முகத்தைத் திருப்புவது. ஸமக்ஷரீ தம் ‘கஷ்ஷாஃப்’ தஃப்ஸீரில் இந்த இடத்துக்குச் சொல்லும் விளக்கம் எனக்கு உயிர். இத்தனை பெருமை உடைய ஒருவனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, கேட்கிறவன் மனதில் அவன் தெளிவாகிக்கொண்டே வருகிறான். ஒரு கட்டத்தில் ‘அவன்’ என்று சொல்ல முடியவில்லை, எதிரில் நிற்கிறவனிடம் சொல்வதுபோல ‘உன்னை’ என்று வந்துவிடுகிறது. ஐந்து நேரமும் இந்தத் திருப்பத்தில் நின்றுவிட்டுத்தான் போகிறோம், கவனிக்காமல்.

#17 நன்னூல்வாத்தியார்
ஞாயிறு, காலை 11.00

நாங்கள் இதை இடவழுவமைதி என்ற பெட்டிக்குள் போட்டு, தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் வினாவாக ஆக்கிவிட்டோம். காலவழுவமைதி உண்டா உங்களிடம்?

#18 பழையகிதாபு
ஞாயிறு, காலை 11.20

நிறைய. நஹ்ல் சூரா தொடக்கம்: ‘அதா அம்ருல்லாஹி ஃபலா தஸ்தஃஜிலூஹு’ (16:1). “அல்லாஹ்வின் கட்டளை வந்துவிட்டது. எனவே அதற்கு அவசரப்படாதீர்கள்.” வந்தேவிட்டதென்றால் அவசரப்பட என்ன இருக்கிறது? வரப்போவதை இறந்தகாலத்தில் சொல்கிறது, அவ்வளவு நிச்சயம் என்பதற்கு.

#19 சந்தேகச்சாமி
ஞாயிறு, பகல் 12.02

வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே போனில் “இதோ வந்துட்டேன்” என்று சொல்வோமே, அதுவா?

#20 பழையகிதாபு
ஞாயிறு, பகல் 12.10

வடிவம் அதேதான். ஒரே வித்தியாசம், நீங்கள் வரமாட்டீர்கள்.

#21 பேருவளை_நானா
ஞாயிறு, பிற்பகல் 2.35

அஸ்ஸலாமு அலைக்கும், இலங்கையிலிருந்து. நல்லா கதைக்கிறீங்க, வாசிக்க சந்தோஷமா இருக்கு. ஆனா ஒரு விஷயம் எல்லாரும் விட்டுட்டீங்க. பலாகா விளங்கல்லண்டா நோன்பே பிழைக்கும்.

2:187இல் “ஃபஜ்ருடைய வெள்ளை நூல் கருப்பு நூலிலிருந்து உங்களுக்குத் தெளிவாகும் வரை உண்ணுங்கள், பருகுங்கள்” எண்டு வருது. அதிய்யு இப்னு ஹாத்திம் (ரலி) ஒரு கருப்புக் கயிறும் வெள்ளைக் கயிறும் எடுத்து தலகாணிக்குக் கீழ வச்சிட்டு, ராவெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தாராம். ஒண்டும் தெரியல்ல. காலையில போய்ச் சொன்னா, நபி (ஸல்) அவங்க, அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் எண்டு சொல்லிக் குடுத்தாங்க. “அப்ப உங்கட தலகாணி ரொம்ப அகலம்” எண்டு பகிடியும் பண்ணினதா ரிவாயத்து (அறிவிப்பு) இருக்கு. அடிவானத்து ரெண்டு நூலும் அதுக்குக் கீழ அடங்கினா அகலம்தானே! புகாரியில பாருங்க.

அவர் ஆர்? கொடைக்குப் பேர்போன ஹாத்திம் தாயிட மகன். தய்யி கோத்திரத்து அசல் அரபி. அவருக்கே உருவகம் நேரடியா விளங்கியிருக்கு. அரபி தாய்மொழியா இருந்தாப் போதும் எண்டு சொல்றவங்களுக்கு இது பதில்.

#22 பழையகிதாபு
ஞாயிறு, பிற்பகல் 3.10

அருமை நானா. இதில் ஒரு நுணுக்கம் சேர்க்கிறேன். ‘மினல் ஃபஜ்ர்’, ஃபஜ்ருடைய, என்ற சொல் பின்னால்தான் இறங்கியது என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிப்பும் புகாரியில் இருக்கிறது. வேறு சிலரும் காலில் நூல் கட்டிக்கொண்டு பார்த்தார்களாம். அந்தச் சொல் இல்லாவிட்டால் இது இஸ்திஆரா, முழு உருவகம். அந்தச் சொல் வந்ததும் தஷ்பீஹ், உவமை, ஆகிவிடுகிறது என்கிறார் ஸமக்ஷரீ. உருவகம்தான் உயர்ந்தது என்று பாடத்தில் ஓதுகிறோம். இங்கே சட்டம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஜனங்கள் நூல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனவே ஒரு படி இறங்கி விளக்கம் வருகிறது. இடத்துக்கு ஏற்ற பேச்சு எதுவோ அதுதான் பலாகா. அலங்காரம் கூடினால் பலாகா கூடும் என்பது தப்பு.

#23 நன்னூல்வாத்தியார்
ஞாயிறு, மாலை 4.00

ஆகுபெயர் உண்டா?

#24 உம்முஹானி
ஞாயிறு, மாலை 4.30

யூஸுஃப் சூராவில் அண்ணன்மார் தகப்பனிடம் “நாங்கள் இருந்த ஊரைக் கேட்டுப் பாருங்கள்” என்பார்கள் (12:82). ஊர் எப்படிப் பேசும்? ஊரார். ‘ஊர் சிரிக்கும்’ என்று நீங்கள் சொல்வதுதான். பகரா 2:19இல் இடிமுழக்கத்துக்குப் பயந்து “விரல்களைக் காதுகளில் வைத்துக்கொள்கிறார்கள்.” காதுக்குள் போவது விரல்நுனிதான். முழு விரலையும் சொன்னது, அந்தப் பயத்தில் முடிந்தால் முழுதையும் திணித்துவிடுவார்கள் என்று காட்ட.

#25 நன்னூல்வாத்தியார்
ஞாயிறு, மாலை 4.45

ஒன்று இடவாகுபெயர், மற்றொன்று பொருளாகுபெயர். வகுப்பில் ‘தாமரை’யையே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த விரல் உதாரணத்தை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நடத்தியிருப்பேன்.

#26 நூர்வெளிச்சம்
ஞாயிறு, மாலை 6.15

ஊரைக் கேள் என்றால் ஊரார் என்று மாற்றுகிறீர்கள். அப்படியே அல்லாஹ்வின் கை என்றால் சக்தி என்று மாற்றுவீர்களா? மஜாஸ், அதாவது சொல்லை நேர்ப்பொருளில் எடுக்காமல் வேறு பொருளில் எடுப்பது, என்பதே வழிகேட்டின் வாசல். இப்னு தைமிய்யா என்ன சொன்னார் தெரியுமா?

#27 பேருவளை_நானா
ஞாயிறு, மாலை 7.00

தெரியும் தம்பி. சொல்லை ஹகீகத் (நேர்ப்பொருள்), மஜாஸ் எண்டு ரெண்டாப் பிரிக்கிறதே பிந்தி வந்த வழக்கம் எண்டு சொன்னார். அவர்ட மாணவர் இப்னுல் கய்யிம் இன்னும் காரமா எழுதினார். ஆனா அவங்களும் ‘ஊரைக் கேள்’ எண்டா சுவரைக் கேக்கச் சொல்லல்ல. ‘கர்யா’ எண்ட சொல்லே சில இடத்தில ஊரைக் குறிக்கும், சில இடத்தில ஊராரைக் குறிக்கும், பேச்சின்ட போக்கு காட்டிக்குடுக்கும் எண்டுதான் சொன்னாங்க. விளங்குற பொருள் ஒண்டுதான், அதுக்கு வைக்கிற பேர்லதான் சண்டை. இறைவன்ட பண்புகள்ல அந்தப் பேர் பெரிய விஷயமாப் போகுது, அது உண்மை. அது அகீதாப் (இறைநம்பிக்கைக் கொள்கை) பாடம்.

#28 நெறியாளர்
ஞாயிறு, இரவு 7.20

அகீதா விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே 400 பதிவு ஓடியிருக்கிறது. இங்கே வேண்டாம். நீட்டிய மூன்று பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன்.

#29 சந்தேகச்சாமி
ஞாயிறு, இரவு 9.40

நெறியாளர் அனுமதித்தால் நியாயமான ஒரு சந்தேகம். ஸாஃப்பாத் 37:65இல் நரகத்து ஸக்கூம் மரத்தின் பாளை “ஷைத்தான்களின் தலைகளைப் போல” இருக்கும் என்கிறது. தெரியாததைத் தெரிந்ததோடு ஒப்பிடுவதுதானே உவமை? மரத்தையும் பார்த்ததில்லை, ஷைத்தான் தலையையும் பார்த்ததில்லை.

#30 பழையகிதாபு
திங்கள், காலை 6.10

இந்தக் கேள்வியை மொழி அறிஞர் அபூஉபைதா மஅமர் இப்னுல் முஸன்னாவிடம் (உமருக்குக் கடிதம் எழுதியவர் வேறு) ஒருவர் கேட்டிருக்கிறார். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் கடைசி, அமைச்சர் ஃபள்லு இப்னுர் ரபீஇன் சபையில். அவர் பழைய அரபிக் கவிஞர் இம்ரஉல் கைஸின் அடியைச் சொன்னார். “பூதங்களின் கோரைப்பல் போன்ற அம்புமுனைகள் என்னிடம் இருக்கும்போது அவன் என்னைக் கொல்வானா?” பூதத்தை எந்த அரபியும் பார்த்ததில்லை. ஆனால் பயம் தெரியும். இந்தக் கேள்விதான் ‘மஜாஸுல் குர்ஆன்’ என்ற நூலை எழுதத் தூண்டியது என்று அவரே சொன்னதாக வருகிறது.

“பேய் மாதிரி கத்துறான்” என்று சொல்கிறோம். பேய் கத்தி யார் கேட்டது?

#31 சந்தேகச்சாமி
திங்கள், காலை 9.00

போன பிறவியில் நீங்கள் அந்தச் சபையில் இருந்திருக்க வேண்டும். உங்கள் மார்க்கத்தில் போன பிறவி இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

#32 காயல்காற்று
திங்கள், இரவு 8.30

ஹஜ்ரத், லாத்தா, வாத்தியார் ஐயா, எல்லோருக்கும் நன்றி. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? ‘முக்தஸருல் மஆனீ’ என்ற பாடநூலைச் சொல்கிறார்கள் சிலர்.

#33 பழையகிதாபு
திங்கள், இரவு 10.00

ஹஜ்ரத் எல்லாம் வேண்டாம் காக்கா. ஓதி முடித்து இருபது வருடம் ஆகிறது, இப்போது சாமான் கடை.

முக்தஸரில் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். ஸக்காகீ (இறப்பு 1229) ஒரு பெரிய நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியைக் கஸ்வீனி (இறப்பு 1338) சுருக்கினார். அந்தச் சுருக்கத்துக்குத் தஃப்தாஸானி விரிவுரை எழுதினார், பிறகு அவரே அதைச் சுருக்கினார். அதுதான் முக்தஸர். சுருக்கத்தின் விரிவின் சுருக்கம். நான் ஓதிய வருடம் முழுக்க ‘இந்த ளமீர் (பிரதிப்பெயர்) எதைக் குறிக்கிறது’ என்பதிலேயே போனது. பலாகாவின் பிரிவுகளான மஆனீ, பயான், பதீஉ மூன்றுக்கும் வரையறை இன்றும் தூக்கத்தில் சொல்வேன். ஆனால் 6:151க்கும் 17:31க்கும் உள்ள வித்தியாசத்தை மதரஸாவை விட்டு வந்த பிறகுதான் கவனித்தேன். உஸ்தாதைக் குறை சொல்லவில்லை, பாடமுறை அப்படி.

ஜுர்ஜானி இருந்திருந்தால் அழுதிருப்பார். ‘இஷ்தஅலர் ரஃஸு ஷைபா’ (19:4), ஸக்கரிய்யா நபி தம் முதுமையைச் சொல்லும் இடம். நாங்கள் “நரையைத் தீக்கு ஒப்பிட்ட இஸ்திஆரா” என்று எழுதி மார்க் வாங்கினோம். அவர் சொல்வது, உருவகம் மட்டும் இல்லை, வாக்கிய அமைப்பைப் பார் என்று. “தலையின் நரை பற்றி எரிந்தது” என்று சொல்லியிருக்கலாம், உருவகம் அப்படியே இருந்திருக்கும். ஆனால் “தலை, நரையால் பற்றி எரிந்தது” என்று இருக்கிறது. வீட்டில் நெருப்பு எரிகிறது என்பதற்கும் வீடே எரிகிறது என்பதற்கும் உள்ள தூரம். தலையில் கருப்பு என்று எதுவும் மிச்சம் இல்லை.

#34 உம்முஹானி
திங்கள், இரவு 10.25

எகிப்தின் அலீ அல்ஜாரிமும் முஸ்தஃபா அமீனும் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய ‘அல்பலாகத்துல் வாளிஹா’ எடுங்கள். உதாரணம் முதலில், விதி கடைசியில். உங்கள் நஹ்வு அறிவு போதும்.

ஒரு ஆறுதலும் சொல்கிறேன். ஜுர்ஜானி காஸ்பியன் ஓரத்துக்காரர். ஸமக்ஷரீயும் ஸக்காகீயும் குவாரிஸ்ம். தஃப்தாஸானி குராஸான். இந்தக் கலையைக் கட்டியவர்களில் பாதிப் பேர் ஊரில் அரபி பேசாதவர்கள். வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் ‘ஏன் இப்படி?’ என்று கேட்கத் தோன்றும் போல.

#35 காயல்காற்று
செவ்வாய், இரவு 9.15

மகளிடம் ஒரு சிரமம் இரண்டு இலேசு கதையைச் சொன்னேன். உமர் (ரலி) கடிதம் வரை கேட்டாள். பிறகு முஸ்ஹஃபை எடுத்து விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “வாப்பா, முதல்ல ‘ஃபஇன்ன’, ரெண்டாவதுல ‘இன்ன’ மட்டும்தான். ரெண்டும் ஒண்ணு இல்லையே. அந்த ‘ஃப’ எங்கே போச்சு?” என்கிறாள்.

இரண்டு வருடம் நஹ்வு படித்தவன் நான்!

#36 பழையகிதாபு
செவ்வாய், இரவு 10.40

சுப்ஹானல்லாஹ். நானும் இந்த இழையில் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

‘ஃப’ என்றால் ‘எனவே’. உம் நெஞ்சை விரிக்கவில்லையா, சுமையை இறக்கவில்லையா, புகழை உயர்த்தவில்லையா என்று கேட்டுவிட்டு, எனவே அந்தச் சிரமத்தோடு இலேசு இருக்கிறது என்று முன்னால் நடந்ததோடு முடிச்சுப் போடுகிறது. இரண்டாவதில் முடிச்சு இல்லை. இணைப்புச் சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, முந்தியதையே திரும்பச் சொல்வது, இணைக்கத் தேவையே இல்லாத அளவு நெருக்கம். அல்லது புதிதாகத் தொடங்குவது, எதனுடைய விளைவாகவும் இல்லாத தனி வாக்குறுதி. ஸமக்ஷரீ இந்த இடத்தில் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறார். இரண்டாவதாக எடுத்தால் இலேசு இரண்டு என்பதற்கு அலிஃப் லாமோடு இன்னொரு துணையும் கிடைக்கிறது.

#37 சந்தேகச்சாமி
செவ்வாய், இரவு 10.52

முதலாவதாக எடுத்தால் குதிரைவீரனிடம் ஒரே வாள்தான்.

#38 பழையகிதாபு
செவ்வாய், இரவு 10.55

ஆமாம். மகளிடம் இரண்டையும் சொல்லிவிடுங்கள் காக்கா. நாளைக்கு எதைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று இங்கே எழுதுங்கள். நான் தூங்கப் போகிறேன்.